கடைத் தராசும் கார்டு இயந்திரமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற சிறுவணிகர் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். புகழனைத்தும் அவனுக்கே உரியன. அவனது இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிப் பேசப்படும் இம்மேடையில் கார்டு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஜமாஅத்தில் மளிகைக்கடை, துணிக்கடை, இறைச்சிக்கடை, தேநீர்க்கடை, தையற்கடை, கைப்பேசிப் பழுதுபார்ப்பு எனச் சிறுதொழில் செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களின் வருவாய் ஹலாலாக அமைவது அவர்களின் இபாதத்தோடு தொடர்புடையது. ஆகவே, கல்லாப்பெட்டிக்கு அருகே வந்து அமர்ந்துவிட்ட இந்தப் புதிய கருவியைப் பற்றி மார்க்கத்தின் ஒளியிலும் கணக்கின் ஒளியிலும் ஆராய்வது நம் கடமையே ஆகும்.

இது குறித்து நம்மிடையே இரு வகையான போக்குகள் காணப்படுகின்றன. "கார்டு என்றாலே வட்டி, அது நம் கடைக்கு வேண்டாம்" என்று ஒதுங்குவோர் ஒரு சாரார். "ஊரெல்லாம் செய்கிறார்கள், நாமும் செய்வோம்" என்று எதையும் கேளாமல் கையெழுத்திடுவோர் மறு சாரார். முதற்சாரார் வாடிக்கையாளரை இழக்கின்றனர். இரண்டாம் சாரார் தம்மையறியாமலே ஹராமின் எல்லைக்குள் கால் வைத்துவிடும் ஆபத்து உண்டு. இயந்திரம் தன்னளவில் ஹலாலும் அன்று, ஹராமும் அன்று. அது தராசு போன்றது. அதைப் பிடிக்கும் கை எப்படிப்பட்டது என்பதே கேள்வி. இதுவே இன்றைய உரையின் சாரம்.

பணத்தின் உருவம் மாறுவது புதிதன்று

நம் மண்ணையே எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் அதன் மூன்று தாலுகாக்களுள் நம் குளத்தூரும் ஒன்று. ஆலங்குடியும் திருமயமும் மற்றவை. அன்று இங்குள்ள கடைகளில் புழங்கியது அம்மன் காசு எனும் சிறு செப்புக்காசு. இருபது அம்மன் காசுகள் சேர்ந்தால் ஓர் அணா. முந்நூற்றிருபது சேர்ந்தால் ஒரு ரூபாய். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அந்தக் காசும் வரலாறாயிற்று. 1957 ஏப்ரல் முதல் நாளில் அணாக்கணக்கு போய் நயாபைசா வந்தது. அன்றைய கடைக்காரர்களும் தடுமாறித்தான் கற்றிருப்பார்கள்.

கைக்கு ரொக்கம் வராமல் வணிகம் நடப்பதும் புதிதன்று. அப்பாசியர் காலத்து முஸ்லிம் வணிகர்கள் ஓர் ஊரில் பணத்தை ஒப்படைத்து மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ளும் 'ஸுஃப்தஜா' எனும் ஓலையைப் பயன்படுத்தினர். ஃபிக்ஹு நூல்கள் அதன் சட்டங்களை விவாதிக்கின்றன. நமது அண்டையிலுள்ள செட்டிநாட்டு நகரத்தார் இரங்கூன், பினாங்கு வரை உண்டியல் எழுதி வணிகம் நடத்தினர். ஓலையும் உண்டியலும் செய்த வேலையை இன்று பிளாஸ்டிக் அட்டையும் கைப்பேசியும் செய்கின்றன.

இந்தியாவில் வங்கி வெளியிட்ட முதல் கிரெடிட் கார்டு 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா மூலம் வந்தது. நெடுங்காலம் அது பெருநகரத்துச் செல்வந்தர்களின் பொருளாகவே இருந்தது. 2012இல் நம் நாட்டின் சொந்த அட்டைத் திட்டமான ரூபே வந்தது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 விழுக்காடு ஒரே இரவில் முடங்கியது. சில்லறையின்றிச் சிறுகடைகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டில் அறிமுகமான யு.பி.ஐ. முறை இன்று பூக்கடை வரை சென்றுவிட்டது. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் அட்டையால் பணம் செலுத்திப் பழகிய நம் பிள்ளைகள், ஊருக்கு வரும்போது அதே வசதியை எதிர்பார்க்கிறார்கள். அது இல்லையென்றால் அவர்கள் கீரனூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள்.

அட்டையைத் தேய்த்தால் நடப்பது என்ன?

வாடிக்கையாளர் அட்டையை இயந்திரத்தில் செருகி இரகசிய எண்ணை இடுகிறார். செய்தி நம் கடையின் வங்கிக்குச் செல்கிறது. அங்கிருந்து ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பின் வழியாக அட்டை வழங்கிய வங்கியை அடைகிறது. அந்த வங்கி "சரி" என்று சொன்னதும் நம் இயந்திரம் இரசீதைத் தருகிறது. பணம் பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் நம் கணக்கில் வரவு வைக்கப்படும். இத்தனை பேரின் உழைப்புக்கும் சேர்த்து ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. இதற்கு வணிகர் தள்ளுபடிக் கட்டணம் என்று பெயர், வங்கிக்காரர்கள் 'எம்.டி.ஆர்.' என்பார்கள்.

எல்லா அட்டைக்கும் கட்டணம் ஒன்றல்ல என்பதை நம் வணிகர்களுள் பலர் அறிந்திருக்கவில்லை. கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்கவில்லை. வங்கிக்கு வங்கி மாறுபடும். டெபிட் கார்டுக்கு 2018 ஜனவரி முதல் வரம்பு உண்டு. ஆண்டு விற்பனை 20 இலட்சத்துக்குள் உள்ள சிறுவணிகருக்கு இயந்திரத்தில் 0.40 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட விற்பனை உள்ளவருக்கு 0.90 விழுக்காடு. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக்கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் வரும் பணத்துக்கும் 2020 ஜனவரி முதல் இக்கட்டணம் அறவே இல்லை.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மளிகைக்கடையில் 5,000 ரூபாய்க்குச் சரக்கு விற்கிறது. இலாபம் நூற்றுக்கு ஐந்து என்றால் 250 ரூபாய். வாடிக்கையாளர் கிரெடிட் கார்டைத் தருகிறார். வங்கியின் கட்டணம் 1.8 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். 90 ரூபாயும், அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யாக 16 ரூபாய் 20 காசும், ஆக 106 ரூபாய் 20 காசு போய்விடும். மிஞ்சுவது 143 ரூபாய் 80 காசு. அதே தொகையைச் சிறுவணிகர் ஒருவர் சாதாரண டெபிட் கார்டில் பெற்றால் 23 ரூபாய் 60 காசு மட்டுமே செலவு. ரூபே டெபிட் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ பெற்றால் 250 ரூபாயும் அப்படியே நிற்கும். இதற்கு மேல் இயந்திரத்துக்கு மாத வாடகை உண்டா, குறைந்தபட்ச விற்பனை நிபந்தனை உண்டா, இடையில் திருப்பிக் கொடுத்தால் அபராதம் உண்டா என்பவற்றை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டறிய வேண்டும். இலாபம் மெல்லியதாக உள்ள கடைகளுக்கு யு.பி.ஐ. பலகையே முதற்படி. துணி, காலணி, மின்பொருள் போன்று ஒரே விற்பனையில் பெருந்தொகை வரும் கடைகளுக்கே இயந்திரம் கட்டுபடியாகும் என்பது நம் கருத்து.

இக்கட்டணம் வட்டியாகுமா?

இதுவே நம் வணிகர்களின் உள்ளத்தை உறுத்தும் கேள்வி. கடனுக்காகக் காலத்தைக் கணக்கிட்டு வாங்கப்படும் கூடுதல் தொகை வட்டி. கடைக்காரர் வங்கிக்குக் கடன்பட்டவர் அல்லர். அவர் விற்ற பொருளுக்கான விலையை வங்கி வசூலித்துத் தருகிறது. அந்தச் சேவைக்கான கூலியே இக்கட்டணம் என்பது உலமாக்கள் தரும் விளக்கம்.

இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத் நகரில் கூடித் தன் 108ஆம் தீர்மானத்தில் இதனை ஆராய்ந்தது. வங்கி வணிகரிடம் இத்தகைய கட்டணம் பெறுவது கூடும் என்று கூறிய அகாடமி, ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. ரொக்கத்துக்கு என்ன விலையோ அதே விலைக்கே அட்டைக்கும் விற்க வேண்டும் என்பதே அது. தவணை தவறினால் வட்டி என்ற நிபந்தனை உள்ள கிரெடிட் கார்டை வாங்கி வைத்திருப்பது, உரிய நாளுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்றும் அத்தீர்மானம் கூறியது. கணக்கில் இருப்பு இல்லாத கடன் அட்டையால் தங்கம், வெள்ளி வாங்குவது கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. நகை வணிகம் செய்வோர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஆக, அட்டையை வைத்திருப்பவரின் சட்டம் வேறு, அட்டையைப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரரின் சட்டம் வேறு. வாடிக்கையாளர் தம் வங்கியோடு செய்த ஒப்பந்தத்துக்கு அவரே பொறுப்பாளி. ஆயினும் பேணுதலாக நடக்க விரும்புவோர் டெபிட் கார்டையும் யு.பி.ஐ.யையும் மட்டும் ஏற்க வங்கியிடம் வழிகேட்கலாம். மேற்கொண்டு ஐயம் உள்ளவர்கள் நம் இமாம் அவர்களை அணுகித் தெளிவு பெறுவார்களாக.

தவிர்க்க வேண்டியவை மூன்று

முதலாவது, "கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு கூடுதல்" என்று கேட்பது. டெபிட் கார்டுக்கு இப்படி வாங்கக்கூடாது என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஃபிக்ஹ் அகாடமியின் நிபந்தனையும் இதுவே. நாட்டின் சட்டமும் மார்க்கத்தின் தீர்ப்பும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது நாம் வேறு வழி தேடலாகாது. அதிலும் மோசமானது, சொல்லாமலேயே விலையில் ஏற்றி வாங்குவது. தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் மறைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அந்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மறைத்து வாங்கும் கட்டணமும் உள்ளீரமே. செலவு தாங்கவில்லையென்றால் கடையின் மொத்தச் செலவோடு சேர்த்து எல்லார்க்கும் ஒரே விலை வையுங்கள். அல்லது அந்த வகை அட்டையை ஏற்காதீர்கள்.

இரண்டாவது, பொருள் விற்காமல் அட்டையைத் தேய்த்துப் பணம் கொடுப்பது. இது இன்று பல ஊர்களில் பரவி வரும் நோய். அவசரத்தில் இருப்பவர் கிரெடிட் கார்டோடு வருகிறார். கடைக்காரர் 10,000 ரூபாய்க்குத் தேய்த்து 9,700 ரூபாயைக் கையில் தருகிறார். உதவி செய்தோம் என்று இருவரும் எண்ணுகின்றனர். கணக்கைப் பாருங்கள். மேற்சொன்ன உதாரணக் கட்டணப்படி வங்கிக்கு 212 ரூபாய் 40 காசு போகும். கடைக்காரருக்கு மிஞ்சுவது 87 ரூபாய் 60 காசு. இந்த அற்பத் தொகைக்காக, நடக்காத ஒரு விற்பனை 10,000 ரூபாய்க்கு நடந்ததாகப் பொய்க்கணக்கு எழுதப்படுகிறது. அது வரிக்கணக்கிலும் நம் விற்பனையாகவே ஏறுகிறது. வங்கியோடு செய்த ஒப்பந்தம் மீறப்படுகிறது; கண்டுபிடித்தால் இயந்திரத்தைப் பறிப்பதோடு கணக்கையும் முடக்குவார்கள். பணம் வாங்கிச் சென்றவரோ, உரிய நாளில் கட்டத் தவறினால் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வட்டி கட்ட நேரிடும். கொடுத்தது 9,700, திரும்ப வருவது 10,000. இடையில் பொருள் எதுவும் இல்லை. இதற்கு வட்டி என்பதன்றி வேறென்ன பெயர்? விற்பனை என்று நாம் சூட்டும் பெயர் அல்லாஹ்விடம் செல்லுபடியாகாது. டெபிட் கார்டில் கடைவழியாகச் சிறுதொகை ரொக்கம் தருவதை 2009 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. ஆனால் அது வங்கியின் ஒப்புதலோடும் வரம்போடும் செய்யப்படும் தனி ஏற்பாடு.

மூன்றாவது, இயந்திரம் வந்த சில மாதங்களில் கதவைத் தட்டும் கடன். "உங்கள் விற்பனையைப் பார்த்தோம், உடனடியாகக் கடன் தருகிறோம், நாள்தோறும் விற்பனையிலிருந்து பிடித்துக்கொள்வோம்" என்று அழைப்பு வரும். பிடித்தம் சிறிதாகத் தெரிவதால் வட்டி கண்ணுக்குத் தெரியாது. இயந்திரத்தை ஏற்றோம் என்பதற்காக அதன் பின்னால் வரும் கடனையும் ஏற்க வேண்டியதில்லை. இங்கே ஒரு நற்செய்தியும் உண்டு. கடைக்காகத் தொடங்கும் நடப்புக் கணக்குக்கு வங்கிகள் வட்டி தருவதில்லை. சேமிப்புக் கணக்கில் வந்து சேரும் வட்டியை என்ன செய்வதென்று கலங்குவோருக்கு அந்தக் கவலை இதில் இல்லை.

எழுதப்பட்ட கணக்கு ஓர் அமானிதம்

"எல்லாம் பதிவாகிவிடுமே, வரி வந்துவிடுமே" என்பது மற்றோர் அச்சம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுத்துக்கு அஞ்சுவது முஸ்லிம் வணிகருக்கு அழகன்று.

எனினும் அறியாமை இழப்பைத் தரும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில், யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறுவணிகர்களுக்கு வணிகவரித்துறை அறிவிப்புகள் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் யு.பி.ஐ. பலகைகளைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டுமே என்று எழுதி வைத்தன. பின்னர் மாநில அரசு வணிகர்களோடு பேசிச் சலுகை அறிவிக்க நேர்ந்தது. இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் இரண்டு. கடைக்கணக்கும் வீட்டுக்கணக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். துபாயிலிருந்து மகன் அனுப்பியதும், சகோதரர் திருப்பித் தந்த கைமாற்றும், கடை விற்பனையும் ஒரே கணக்கில் கலந்தால் எது எதுவென்று பின்னர் எவராலும் பிரிக்க இயலாது. அடுத்து, ஜி.எஸ்.டி. வரம்பை அறிந்திருக்க வேண்டும். தமிழகத்தில் பொருள் விற்போருக்கு ஆண்டு விற்பனை 40 இலட்சத்தையும், சேவை அளிப்போருக்கு 20 இலட்சத்தையும் கடந்தால் பதிவு தேவை. வரிவிலக்குள்ள பொருள்களை மட்டுமே விற்போருக்கு இது பொருந்தாது.

வங்கிவழி விற்பனைக்கு ஒரு சலுகையும் உண்டு. உத்தேச முறையில் வருமானவரி காட்டும் சிறுவணிகர், ரொக்க விற்பனையில் நூற்றுக்கு 8 இலாபம் காட்ட வேண்டும். வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 காட்டினால் போதும். 20 இலட்ச ரூபாய் விற்பனையில் இது 1,60,000க்கும் 1,20,000க்கும் உள்ள வேறுபாடு.

இவற்றைவிட மேலான பயன் ஜகாத். வணிகச் சரக்குக்கும் கையிருப்புக்கும் இரண்டரை விழுக்காடு கணக்கிடும் நாளில், "ஏறத்தாழ இவ்வளவு இருக்கும்" என்று மதிப்பிட்டே பலர் கொடுக்கிறோம். கணக்கு எழுத்தில் இருந்தால் ஏழையின் பங்கு ஒரு ரூபாயும் குறையாது.

விழிப்பு தேவை

வாடிக்கையாளர் காட்டும் கைப்பேசித் திரையை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள்; பணம் வந்த செய்தி நம் கருவியில் ஒலிக்க வேண்டும். நம் பலகையின் மேல் வேறெவரோ தம் ஒட்டுத்தாளை ஒட்டிச் செல்வதும் உண்டு. காலையில் கடை திறக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, கேட்பவர் மோசடிக்காரர். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு நமக்கு உறுதிச்செய்தி வராவிட்டால், ஐந்து நாள்களுக்குள் அது அவருக்குத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கியின் ஆணை. இதைச் சொன்னாலே கடைவாசலில் நடக்கும் பாதிச் சண்டைகள் ஓய்ந்துவிடும்.

முன்பின் அறியாதவர் பெருந்தொகையை அனுப்பி, "மீதியை ரொக்கமாகத் தாருங்கள்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மோசடிப் பணம் கைமாறி வந்ததால் 2023இல் கேரளத்தில் சிறுவணிகர் பலரின் கணக்குகள் முடக்கப்பட்டு, வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. விற்ற பொருளுக்குரிய சீட்டு கையில் இருந்தால் அதுவே நமக்குச் சாட்சி.

ஜமாஅத்துக்கு நம் வேண்டுகோள்

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல, படித்த இளைஞர் இருவர் மூவரை ஜமாஅத் நியமிக்கலாம். முதிய வணிகர்களுக்கும், வீட்டிலிருந்தபடி இட்லி மாவு விற்றும் துணி தைத்தும் பிழைக்கும் சகோதரிகளுக்கும் அது பேருதவியாக இருக்கும். அட்டையைத் தேய்த்துப் பணம் புரட்டும் நிலைக்கு ஒருவர் வருகிறார் என்றால், அவருக்குக் கைமாற்றுத் தர நம்மிடையே ஆளில்லை என்பதே அதன் பொருள். கடைக்காரரை மட்டும் கண்டித்துப் பயனில்லை. பைத்துல்மாலில் வட்டியில்லாச் சிறுகடன் நிதிக்கென ஒரு பகுதியை ஒதுக்கினால் அந்தக் கதவு தானே அடைபடும். நிர்வாகிகள் இதனை வரும் ஆண்டின் முதல் வேலையாகக் கொள்ள வேண்டுகிறோம்.

அன்பிற்குரியவர்களே! நபித்துவத்துக்கு முன்பே மக்கா மக்கள் பெருமானார் (ஸல்) அவர்களை 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர், என்றழைத்தார்கள். அப்பெயரை அவர்கள் ஈட்டிய வாழ்வில் வணிகமும் ஒரு பகுதி. அளவையில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் 'அல் முதஃப்ஃபிஃபீன்' எனும் அத்தியாயம் அமைந்துள்ளது. அன்று அளவைக்குச் சொல்லப்பட்ட நேர்மை இன்று கார்டு இயந்திரத்துக்கும் பொருந்தும். எல்லார்க்கும் ஒரே விலை, நடந்த விற்பனைக்கே சீட்டு, வட்டியின் நிழலும் படாத கல்லா. இம்மூன்றும் இருந்தால் பணம் எந்த உருவில் வந்தாலும் அதில் பரக்கத் உண்டாகும்.

வல்ல அல்லாஹ் நம் வணிகங்களில் ஹலாலான விசாலத்தை அளிப்பானாக! கடனாலும் வட்டியாலும் நசுக்கப்படுவோருக்கு விடுதலை தருவானாக! நம் ஜமாஅத்தை ஒருவர்க்கொருவர் தோள்கொடுக்கும் ஜமாஅத்தாக ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.